பாதித் தாடை

அக்கா சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போனவர்கள் என் கடையில் நிறையப் பேர். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பொட்டலமாக வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே மோட்டாரைக் கிளப்பியவர்கள் உண்டு. அக்காவுக்கு அதெல்லாம் தெரியும். யார் எழுந்து போனாலும் அவர் தலை திரும்பாது. அவர் பார்வை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கடையின் மேலேயே இருக்கும்.

சிரம்பான் பக்கத்து ஊரான ரந்தாவில் அப்போது நானும் என் வீட்டுக்காரரும் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். ரொட்டி சானாய், தோசை, நாசி லெமாக். எதிர் வரிசையில் ஒரு கைப்பேசிக் கடை. முன்னால் கைப்பேசி உறைகள் சரஞ்சரமாகத் தொங்கும். அதற்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் சாய்கிற நாற்காலி. பல் பிடுங்குவதும் பல் செட்டு கட்டுவதும் அந்த நாற்காலியில்தான். சுற்றிலும் இருந்த தோட்டத்து மக்கள் அந்த ஆளைப் பல்லுக்காரர் என்பார்கள். நானும் அப்படித்தான் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த 'ர்' என் வாயில் வருவதில்லை.

அக்கா எனக்குச் சொந்த அக்கா இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பையில் மண் நிரப்பியவர். புருஷன் இல்லை, ஒரே மகளை ஜொகூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவரைப் பற்றி ஒரு சொல்லில் சொல்லச் சொன்னால், மறக்க மாட்டார் என்பேன். யாராவது ஒன்று செய்துவிட்டால், அதற்கு உரியது போய்ச் சேரும்வரை அவருக்கு அது நேற்று நடந்தது மாதிரிதான்.

பண்ணையில் எங்களை வேலை வாங்க ஒரு மண்டோர் இருந்தார். ஒருநாள் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அக்காவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார். அக்கா எழுந்து ஓர் அறை விடப்போகிறார் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் பேசாமல் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சும்மா விட்டுட்டீங்க?" என்றேன்.

"யாரு விட்டா?" என்றார்.

வெகுகாலம் கழித்து அந்த மண்டோரின் மகளுக்குத் தோட்டத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம். அக்கா நல்ல பட்டுச்சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம் பார்த்து முன்னால் போய் நின்று, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மண்டோரிடம் திரும்பினார்.

"அண்ணே, அன்னிக்கு நர்சரில என்னைய ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டீங்கள்ல? அத இன்னொருக்கா சொல்லுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்களும் கேக்கட்டும்."

மண்டோருக்கு வியர்த்துவிட்டது. கை இரண்டையும் கூப்பினார். அக்கா அவரை ஒரு நிமிடம் அப்படியே நிற்க வைத்துவிட்டு, "சரி, பந்தி எப்போ?" என்று கேட்டுப் போய் உட்கார்ந்து கோழிக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். காலெலும்பைக் கடைவாயில் வைத்து அவர் கடித்த சத்தம் எதிர்ப் பந்திவரை கேட்டது. முறுக்கு, கரும்பு, கருவாடு, எலும்பு என்று கடினமானது எதுவானாலும் அவருக்குப் பிடிக்கும். நாங்கள் துப்புவதை அவர் மென்றுவிடுவார்.

பல்லுக்காரனும் அக்காவும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் சின்ன வயதில் கோலாலம்பூருக்குப் போய், பல் செட்டு செய்கிற பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். படிப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் நம் ஆள், தமிழில் பேசுவான், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இருட்டும்வரை கடை திறந்திருக்கும், லீவு எடுக்க வேண்டியதில்லை. போதாதா? அக்கா அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

வலப்பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல் ஆடியபோது அக்கா அந்த நாற்காலியில்தான் போய்ச் சாய்ந்தார். பிடுங்கினான். புண் சரியாக மூடவில்லை. பிறகு அந்த இடம் மெதுவாகத் தடித்தது. வலி இல்லை, அதனால் அக்காவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் இல்லாத இடத்துக்கு ஒரு செட்டு கட்டிக்கொடுத்தான். கொஞ்ச நாளில் அது உட்காரவில்லை. கழற்றி வாங்கி, அடியில் ராவிக் கொடுத்தான். மறுபடியும் உட்காரவில்லை. மறுபடியும் ராவினான். உள்ளே ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அது வளர வளர அவன் செட்டைச் சுரண்டி அதற்கு இடம் விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவட்டா?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"வேர் வீக்கம் லா. அங்க போனா புடிச்சு வெட்டிருவானுங்க. நான் இருக்கேன்ல?"

ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தவரின் முகவாயில் இரத்தம் வடிந்தது. உதட்டைக் கடித்திருக்கிறார். கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. உதடு மரத்துப்போயிருந்தது. அன்றைக்கே நான் அவரைச் சிரம்பானுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. நிதானமாகச் சொன்னார். புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பைத் தின்று வளர்கிற கட்டி. வலப்பக்கத் தாடையெலும்பு உள்ளே கூடாகிவிட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்திருக்கலாம். இப்போது முகவாய்க்குப் பக்கத்திலிருந்து காது மூட்டுவரை வலப்பக்கத் தாடையை எடுத்தாக வேண்டும்.

"இவ்ளோ நாளா யார்கிட்ட காட்டுனீங்க அம்மா?"

அக்காவின் கண் மண்டோருக்கு முன்னால் மண் அள்ளியபோது இருந்த மாதிரி ஆகிவிட்டதை நான் பார்த்தேன்.

எலும்பை எடுத்த இடத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்தார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை. சீழ் வைத்து, அதையும் வெளியே எடுத்தார்கள். அதன் பிறகுதான் முகம் போனது. தாடை என்பது இரண்டு பக்கமும் மாட்டிய வாளிப்பிடி மாதிரி. ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். அக்காவின் மிச்சத் தாடை வலப்பக்கமாகச் சாய்ந்து உள்ளே போய்விட்டது. வாயைத் திறந்தால் முகவாய் வலது தோள் பக்கம் ஓடும். மூடினால் கீழ்ப்பல் மேல்பல்லைச் சந்திக்காது. இடப்பக்கம் நல்ல பற்கள் வரிசையாக இருந்தும், அவற்றுக்கு நடுவில் ஒரு சோற்றுப் பருக்கைகூட அரைபடாது. வலது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தாடையை இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல வேண்டும். உதட்டோரம் மரத்திருந்ததால் வழிவதும் தெரியாது.

பேச்சும் போனது. 'ப'வும் 'ம'வும் உதடு சேராமல் காற்றாகப் போகும். பல்லு என்பது ஹல்லு என்று வரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பொருள் செய்து கொடுத்தார்கள். பல் செட்டு செய்கிற ரோஸ் நிறப் பொருள்தான். இடப்பக்கக் கீழ்ப்பற்களைக் கம்பியால் கவ்வியிருக்கும். அதிலிருந்து ஒரு சிறு மதில் மேல்நோக்கி எழுந்து மேல்பற்களின் வெளிப்பக்கத்தைத் தொடும். வாயை மூடும்போது தாடை வலப்பக்கம் ஓடப் பார்த்தால் அந்த மதில் தடுத்து, வழுக்கிக்கொண்டு வந்து சரியான இடத்தில் பல்லோடு பல்லை உட்கார வைக்கும். அக்கா அதை 'முட்டு' என்பார். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பழகச் சொன்னார்கள். அவர் பழகினார். முட்டைப் போட்டுக்கொண்டால் இட்லி, ஊறிய ரொட்டி, குழைந்த சோறு எல்லாம் கை வைக்காமலே மெல்லும் அளவுக்கு வந்தார். புண் நன்றாக ஆறியதும் காலெலும்பில் ஒரு துண்டை எடுத்துத் தாடையில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவும் சரி என்றுதான் இருந்தார்.

அது எல்லாரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலம். அக்காவுக்கு அது நிம்மதியாக இருந்தது. முகம் யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா, முகக்கவசத்தோடு. முன்னால் பல்லுக்காரன் இரண்டு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். அவர்களில் ஒருவர் அக்காவின் பெயரைச் சொல்லி, இப்போ எப்படி இருக்கிறதாம் என்று விசாரித்தார்.

பல்லுக்காரன் சிரித்தான். "எஸ்டேட்டையே மேஞ்ச வாயி லா அது. சாமியே பாத்துப் பாதிய எடுத்துக்கிச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அக்கா என்னைத் தாண்டி முன்னால் போனார். கூழ் வாங்கினார். அவனுக்கு நேரெதிரில் போய் நின்று முகக்கவசத்தைக் கழற்றினார். முட்டையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கூழைக் குடித்தார். பாதி தொண்டைக்குப் போனது, பாதி முகவாய் வழியாகச் சேலையில் ஒழுகியது. முகவாய் வலப்பக்கம் ஓடி ஓடித் திரும்பியது. அவன் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். அக்கா கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

அடுத்த நாள் காலை அவர் என் கடைக்கு வந்து, சாலையைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தார்.

தினமும் வந்தார். பருப்பில் ஊறப்போட்ட ரொட்டியும் ஆறிய தேத்தண்ணியும் கேட்பார். முட்டோடு ஒழுங்காகத்தான் சாப்பிடுவார். எதிர்க்கடைக்கு யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் போதும், அக்கா வாய்க்குள் விரலை விட்டு முட்டைக் கழற்றிச் சாஸரில் வைப்பார். தாடை விழும். பிறகு கையால் தள்ளித் தள்ளி மெல்லுவார். ஒழுகும். துடைக்க மாட்டார். வந்தவர் இந்தப் பக்கம் பார்ப்பார். பார்க்காவிட்டால் அக்கா கரண்டியால் மேசையைத் தட்டுவார். பார்த்தவர் பக்கத்தில் வந்து என்ன ஆச்சு என்று கேட்டால், எதிர்க்கடையைக் காட்டி, "அங்கதான் பாத்தேன்" என்பார். அந்த இரண்டு சொல்லைத்தான் அவர் முதலில் நன்றாகச் சொல்லப் பழகினார். அதில் உதடு சேர வேண்டாத எழுத்துகள்தான் அதிகம். நடுவில் வந்த 'பா' மட்டும் கொஞ்சம் காற்றாகப் போகும்.

வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். எனக்கும் ஆட்கள் குறைந்தார்கள்.

"அந்தம்மாவ உள்ளார உக்காரச் சொல்லு. இல்லாட்டி பொட்டலம் கட்டிக் குடு" என்றார் என் வீட்டுக்காரர். "யாரும் சாப்புட வர மாட்டேங்கறாங்க லா."

"நீங்களே போயிச் சொல்லுங்க."

அவர் போனார். அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்து வாயைத் திறந்தார். என் வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்தட்டா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. உண்மையைச் சொன்னால், எதிர்க்கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கும் உள்ளுக்குள் இனித்தது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் எலும்பு வைக்கத் தேதி கொடுத்தபோது அக்கா மாட்டேன் என்றுவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தள்ளிப்போட்டா கஷ்டம் அம்மா" என்றார் டாக்டர். "உள்ள தழும்பு இறுகிக்கிட்டே போகும், தாடைய இன்னும் இழுக்கும். எதிர்ப்பல்லு இல்லாததால மேல்பல்லு கீழ எறங்கும். அப்பறம் எலும்பு வெச்சாலும் கடி சரியா சேராது. இப்ப நல்ல நேரம்."

அக்கா தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

காடியில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஓட்டிக்கொண்டே நான் கத்தினேன். "ஏங்க்கா? பயமா? மகளக் கூப்புடவா?"

"பயம் இல்ல." அவர் கன்னத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மூஞ்சி நேரா ஆயிட்டா, அவன் கடைக்கு எதுத்தாப்புல எத வெச்சுக்கிட்டு உக்காருவேன்?"

எனக்கு முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பயம் வந்தது.

இதற்கிடையில் அவர் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, அவர்கள் அசையும்வரை போனார். ஒருநாள் காலை இரண்டு வண்டிகள் எதிர்க்கடை முன்னால் வந்து நின்றன. பச்சைத் திரையைக் கழற்றினார்கள். நாற்காலியைத் தூக்கிவந்து வெளியே வைத்தார்கள். இடுக்கி, ராவுகிற மிஷின், பல் அச்சுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. பல்லுக்காரன் கைப்பேசி உறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அக்கா எழுந்து போகவில்லை. இன்னொரு ரொட்டி கேட்டார்.

சிரம்பான் கோர்ட்டில் வழக்கு, அக்கா சாட்சி. அதற்காக அக்கா பழகியது போல நான் யாரும் எதற்கும் பழகிப் பார்த்ததில்லை. என் கடை மூடிய பிறகு, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கும் நேரத்தில், முட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்று பேசுவார். 'ப'வுக்காக விரலால் கீழுதட்டை மேலே தூக்கி ஒட்டுவார். விரலை எடுத்துவிட்டு மறுபடியும் சொல்வார்.

"பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவில்லை. பல முறை போனேன். ஒரு முறைகூட விளக்குப் போட்டு வாய்க்குள் பார்க்கவில்லை."

"அக்கா, நம்ம பேச்சுலயே சொல்லுங்க. அங்க மொழிபெயர்க்க ஆளு இருக்கு."

"இல்ல. கோர்ட்டுல சுத்தமாத்தான் சொல்லுவேன்."

கடைசியில் அந்த வாக்கியங்கள் அச்சடித்த மாதிரி வந்தன. 'பல்லை' என்றால் பல்லை.

வழக்கு நாளன்று அக்கா மண்டோர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போன மாதிரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் பல் வைத்தியம் பார்த்ததாகக் குற்றம் வாசித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான். அபராதம் சொன்னார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். கோர்ட்டுச் சேவகர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

வெளியே வந்து, எங்களை வரச் சொன்ன சுகாதார அலுவலக அதிகாரியைப் பிடித்தேன். அவர் நல்ல மனுஷர்தான். "அவரே ஒத்துக்கிட்டாரு. இனி சாட்சி வேணாம்" என்றார்.

"என் தாடை?" என்றார் அக்கா.

சோதனை போட்ட அன்றைக்குக் கடையில் கண்டதுக்குத்தான் இந்த வழக்கு என்றார் அவர். தாடைக்கு வக்கீல் வைத்துத் தனியாகப் போட வேண்டும் என்றார்.

அக்கா கழிவறைக்குப் போனார். வர நேரமானது. உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வாக்கியங்களை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கை கழுவ வந்த பெண் ஒருத்தி ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒத்துக்கிட்டான் பாத்தியா" என்றார். "திருட்டுப்பய."

நேராக ரந்தாவுக்கு விடச் சொன்னார். பல்லுக்காரனின் வீட்டு வாசலில் இறங்கினார். அவன் மனைவி கதவைத் திறந்தாள். பின்னால் அவன் பனியனோடு வந்து நின்றான்.

"கோர்ட்டுல முடிஞ்சுருச்சு லா. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

அக்கா முட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாயைத் தன்னால் முடிந்தமட்டும் திறந்தார். தாடை போய் ஒதுங்கியது.

"பாரு."

அவன் தரையைப் பார்த்தான்.

"உள்ள பாரு."

"நீ வீட்டுக்குப் போ. சொல்றேன்ல."

"அன்னிக்கும் இப்பிடித்தான் நீ பாக்கல" என்றார் அக்கா.

அவன் மனைவிதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுருங்க" என்றாள்.

"ஒன்ன யாரு கேட்டா?" என்றார் அக்கா. அவன் உள்ளே போய்விட்டான். கொஞ்ச நாளில் கடையைக் காலி செய்துவிட்டு, லோபாக்கில் இருந்த மகள் வீட்டோடு இருவரும் போய்விட்டார்கள்.

எதிர்க்கடையின் இரும்புக் கதவு இறங்கியே கிடந்தது. அக்கா வருவதை நிறுத்தவில்லை. அதே மேசை, அதே நாற்காலி. எதிர்வரிசையில் யாராவது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நடந்தால், பழக்கத்தில் முட்டைக் கழற்றிச் சாஸரில் வைத்துவிடுவார்.

"அவந்தான் போயிட்டானே, இனி யாருக்கு இந்த மூஞ்சியக் காட்டறீங்க?" என்றேன் ஒருநாள். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

அவர் சாஸரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத நேராக்கிட்டா, நடந்ததுக்கு என்ன சாட்சி இருக்கு? ஊரு மறந்துரும். நீயும் மறந்துருவ. அப்பறம் நானே மறந்துருவேன் லா."

அப்படி ஒரு காலையில்தான் முட்டு இல்லாமல் மென்ற ரொட்டி அவர் தொண்டையில் அடைத்தது. சத்தம் வரவில்லை. நாற்காலி சரிந்ததைத்தான் பார்த்தேன். முகம் கருத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து, அவரைக் குனியப் பிடித்து முதுகில் அடித்தார். அடிமேல் அடி அடித்த பிறகு ஒரு துண்டு வந்து விழுந்தது. மெல்லாத துண்டு, அப்படியே முழுசாக இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எதிரே பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தார்.

"இதுல செத்துருந்தா அவனுக்குக் கொண்டாட்டந்தான?" என்றார். "டாக்டருக்குப் போன் அடி."

காலெலும்பை எடுத்துத் தாடையில் வைத்தார்கள். நீண்ட நேர அறுவை. டாக்டர் எச்சரித்தபடியே ஆகியிருந்தது. தழும்பை அறுத்து அறுத்துத்தான் தாடையை இழுத்து நிறுத்த முடிந்ததாம். முகவாய் நடுவுக்கு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. இறங்கியிருந்த மேல்பற்களில் சிலதை ராவ வேண்டியிருந்தது. வலப்பக்கம் எலும்புதான், பல் இல்லை. இடப்பக்கம் பின்பற்கள் சேர்ந்தன, முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி நின்றுவிட்டது. அக்கா லேசாகக் காலைத் தாங்கி நடந்தார். மாதக்கணக்கில் பயிற்சி செய்தார். கஞ்சியிலிருந்து சோறு, சோற்றிலிருந்து அப்பம். ஒருநாள் என் கடையில் ஒரு வறுத்த நெத்திலியை எடுத்து இடப்பக்கம் வைத்துக் கடித்தார். கை கன்னத்துக்குப் போகவில்லை. முட்டும் இல்லை. நான் அழுதுவிட்டேன். அவர் அடுத்த நெத்திலியை எடுத்தார்.

கோபம் தணிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒருநாள் மத்தியானம் செய்தி வந்தது. பல்லுக்காரன் லோபாக்கில் மகள் வீட்டில் மாரடைப்பில் போய்விட்டான். நான் அக்காவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அவர் வெளிர்நிறச் சேலை கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

"காடி இருக்குல்ல? போவோம்."

"அக்கா, சாவு வீடு."

"தெரியுது லா. ஒரே லயத்துல பொறந்து வளந்தவங்க. அண்ணன் மொற. போவாம இருக்க முடியுமா?"

போகும் வழியெல்லாம் அவர் அமைதியாக இருந்தார். அந்த அமைதியைப் பார்த்து என் மனசும் இளகிவிட்டது. எல்லாம் முடிந்தது, இனி நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். உடலைக் குளிப்பாட்டி, கூடத்தில் கிடத்தி, மாலை போட்டு, வாய் திறந்துகொள்ளாமல் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் தலையைக் கட்டியிருந்தார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பெண்கள் வரிசையாகப் போனோம். அவன் மனைவி தலைமாட்டில் அரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக அரிசியை எடுத்து அவன் வாயருகில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் போட்டேன்.

அக்கா தட்டில் கை வைத்து நிறைய அள்ளினார். குனிந்து, கட்டியிருந்த அந்தத் தாடையைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற கிழவி ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.

பிறகு அக்கா நிமிர்ந்து, கையில் இருந்த அரிசியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். பச்சரிசி நொறுங்கும் சத்தம் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். யாரோ புத்தி பேதலித்துவிட்டது, வெளியே கூட்டிப் போங்கள் என்றார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன், அசைக்க முடியவில்லை. தாடை நேராக ஏறி நேராக இறங்கியது. அவசரமே இல்லாமல், அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மாவாகும்வரை மென்று விழுங்கினார். ஒரு பருக்கைகூட வெளியே சிந்தவில்லை.

விழுங்கிவிட்டு மறுபடியும் தட்டுக்குக் கையை நீட்டினார்.

அவன் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை.